முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை: இணைநிலை நிரலாக்க நூலகங்கள்வழித் தமிழ்ப் பனுவல்களைப் பகுத்தாய்தல்

ஆய்வுச்சுருக்கம்

பல கோர்களைக் கொண்ட கணினிகளில் ஒரு பணியைப் பல கூறுகளாகப் பகுத்து ஒரே நேரத்தில் செய்வதற்கு இணைநிலை நிரலாக்க நூலகங்கள் பயன்படுகின்றன. தமிழ்ப் பனுவல்களுக்குச் சொல்லடைவு, தொடரடைவு, யாப்பாய்வு ஆகியவற்றைக் கணினிவழி உருவாக்குவோரும் இந்நூலகங்களைக் கையாள்கின்றனர். பனுவலை எங்கே வெட்டுவது என்னும் முடிவு நிரலர்க்கு மட்டும் உரியதன்று என்பதும், அது யாப்பும் பொருள்கோளும் அறிந்தோர் தீர்மானிக்க வேண்டிய இலக்கணச் சிக்கல் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். தண்டியலங்காரம் கூறும் முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்னும் நால்வகைச் செய்யுட் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற நிரலாக்க நெறியையும் அதில் நேரக்கூடிய பிழையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இணைநிலை, உடனிகழ்நிலை, நிரல் நூலகம், சொல்லடைவு, போட்டிநிலை, முட்டுநிலை, முத்தகம், குளகம், அந்தாதி.

1. முன்னுரை

இலக்கிய ஆய்வுக்கு அடிப்படைக் கருவியாகத் திகழ்வது சொல்லடைவு. முன்னர் அட்டைகளில் எழுதி அகரவரிசைப்படுத்திய இப்பணி இன்று கணினிவசம் வந்துள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலான முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் பலவும் மின்பனுவலாகக் கிடைக்கின்றன. சங்க நூல்களோடு நில்லாமல் காப்பியங்கள், பத்தி இலக்கியம், உரைகள், இக்கால உரைநடை ஆகிய அனைத்தையும் ஒருசேர ஆராயும் நிலை உருவாகியுள்ளது. பனுவலின் அளவு பெருகும்போது கணிப்பின் காலமும் பெருகுகிறது.

கணினியின் வேகமோ முன்போல் தானாக வளர்வதில்லை. 2005ஆம் ஆண்டையொட்டிச் செயலிகளின் கடிகார வேக வளர்ச்சி தேங்கியது. அதன்பின் ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கோர்களைப் பெருக்கும் வழியையே செயலி உருவாக்குநர் மேற்கொண்டனர். ஆகவே, ஒரு கோரில் மட்டும் ஓடுமாறு எழுதப்பட்ட நிரல், எட்டுக் கோர் கொண்ட கணினியிலும் ஒன்றையே பயன்படுத்தும். எஞ்சிய ஏழும் அந்நிரலுக்குப் பயன்படாமல் கிடக்கும். அவற்றையும் பணியில் ஈடுபடுத்தவே இணைநிலை நிரலாக்க நூலகங்கள் தோன்றின.

இந்நூலகங்கள் பணியை விரைவாக்கும். ஆனால் பணி சரியாகப் பகுக்கப்பட்டுள்ளதா என்று கேளா. தவறாகப் பகுத்த நிரலும் நிற்காமல் ஓடி, பிழை அறிவிப்பு எதுவும் தராமல், பார்வைக்குச் செம்மையான ஓர் அட்டவணையைத் தந்துவிடும். அவ்வட்டவணையை நம்பி எழுதப்படும் ஆய்வேட்டில் அப்பிழை நிலைபெறும். எனவே இச்சிக்கல் கணினியியலார்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரியதாகிறது.

தண்டியலங்காரம் கணிமையை முன்னுணர்ந்தது என்று இக்கட்டுரை கூறவில்லை. செய்யுள்களுக்கிடையிலான சார்பை அந்நூல் வகைப்படுத்திய முறை, இன்றைய ஒரு சிக்கலைத் தெளிவாக எடுத்துரைக்கத் துணைபுரிகிறது என்பதே இதன் எல்லை.

2. கலைச்சொல் வரையறை

ஆங்கிலத்தில் பேரலல், கன்கரண்ட் எனும் இரு சொற்கள் வழங்குகின்றன. தமிழில் இரண்டையும் 'இணை' என்னும் ஒரே அடியால் சுட்டும் வழக்கம் பொருள்மயக்கம் தருகிறது. பல பணிகள் உண்மையாகவே ஒரே கணத்தில் வெவ்வேறு கோர்களில் நடைபெறுவதை 'இணைநிலை' எனவும், பல பணிகள் ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த காலத்தில் நடைபெறுவதை 'உடனிகழ்நிலை' எனவும் இக்கட்டுரை வழங்குகிறது. ஒரே சமையற்காரர் உலை கொதிக்கும் இடைவேளையில் காய் நறுக்குவது உடனிகழ்நிலை. இருவர் நின்று ஒருவர் உலையைப் பார்க்க, மற்றவர் காய் நறுக்குவது இணைநிலை. முன்னதற்கு ஒரு கோரே போதும். பின்னதற்கு இரண்டேனும் வேண்டும்.

நிரலின் உள்ளே தனித்தோடும் செயற்போக்கினை 'இழை' என்பர். ஒரு செயலாக்கத்துக்குள் உள்ள இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. செயலாக்கங்களோ தத்தமக்குத் தனி நினைவகம் கொண்டவை. இழை, செயலாக்கம் ஆகிய இரண்டையும் பொதுவாகச் சுட்ட வேண்டிய இடங்களில் 'செயலலகு' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது. பலரும் மீளப் பயன்படுத்துமாறு தொகுத்து வைக்கப்பட்ட நிரற்கூறுகளின் தொகுதியே 'நிரல் நூலகம்'.

3. நூலகங்களின் இரு நெறிகள்

3.1 பொதுநினைவக நெறி

இந்நெறியில் எல்லா இழைகளும் ஒரே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. ஃபோர்ட்ரான் மொழிக்கு 1997இலும் சி, சி++ மொழிகளுக்கு 1998இலும் வெளிவந்த ஓப்பன்எம்பி, தொடர்நிலையில் எழுதிய மடக்கின்மேல் ஒரு நெறியுறுத்தத்தை மட்டும் சேர்த்து, அம்மடக்கினை இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஜாவா மொழியில் டக் லீ தலைமையில் உருவான உடனிகழ்நிலை நூலகம் 2004இல் ஜாவா 5ஆம் பதிப்போடு வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தின் டிபிபி நூலகம் சி++ மொழிக்கு 2006இல் வெளிவந்தது.

3.2 செய்திப் பரிமாற்ற நெறி

இந்நெறியில் ஒவ்வொரு செயலாக்கமும் தன் நினைவகத்தை மட்டுமே அறியும். பிறவற்றோடு செய்தி அனுப்பியும் பெற்றுமே தொடர்பு கொள்ளும். 1994இல் முதற்பதிப்பு வெளிவந்த எம்பிஐ இந்நெறியின் செந்தர வரையறை. தனித்தனிக் கணினிகளை வலையால் பிணைத்த தொகுதிகளில் இது பெரிதும் பயன்படுகிறது.

தமிழ்க் கணிமையில் பரவலாக வழங்கும் பைத்தான் மொழி இருநெறிக்கும் நூலகங்கள் உடையது. எனினும் அதன் வழக்கமான சிபைத்தான் செயற்படுத்தத்தில் உலகளாவிய ஒற்றைப்பூட்டு ஒன்று உண்டு. அப்பூட்டினை ஒரு நேரத்தில் ஓர் இழையே வைத்திருக்க இயலும். ஆதலால், சொல்லெண்ணுதல் போன்று கணிப்பையே சார்ந்த பணியை எட்டு இழைகளுக்குப் பகிர்ந்தாலும் வேகம் கூடாது. அத்தகு பணிக்குத் தனிச்செயலாக்கங்களைத் தோற்றுவிக்கும் மல்ட்டிபிராசசிங் நூலகமே பொருந்தும். இப்பூட்டினை நீக்கிய பதிப்பு 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13இல் சோதனைநிலையில் தரப்பட்டது. நூலகத்தின் பெயரைமட்டும் அறிந்து அதன் நெறியை அறியாதார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

4. பகுப்பின் முதல் எல்லை: எழுத்து

பெரிய கோப்பு ஒன்றை நான்கு செயலலகுகளுக்குப் பகிர எளிய வழி, அதன் நீளத்தை நான்கால் வகுத்து வெட்டுவதாகும். ரோமன் எழுத்துகளிலான பனுவலில் இவ்வழி சொல்லை மட்டுமே சிதைக்கும். தமிழிலோ எழுத்தையே சிதைக்கும்.

ஒருங்குறியில் 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அமைகிறது. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ஆக, இலக்கணப்படி 3 எழுத்துடைய இச்சொல் கணினியில் 5 குறியெண், 15 பைட்டு. வெட்டு ழகரத்துக்கும் புள்ளிக்கும் இடையே விழுமாயின், முதற்பகுதி 'தமிழ' என முடியும். அடுத்த பகுதி தனிப்புள்ளியோடு தொடங்கும். மெய் உயிர்மெய்யாகிவிடும். சொல்லடைவில் இல்லாத சொல் ஒன்று நுழையும். இருக்கும் சொல்லின் எண்ணிக்கை ஒன்று குறையும்.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக்குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிட இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. பிந்திய வடிவில் கொம்புக்கும் காலுக்கும் இடையே வெட்டு விழுந்தால் 'கொ' என்பது 'கெ' ஆகும். ஆகவே பகுப்புக்கு முன்னர்ப் பனுவல் முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கம் நடைபெறல் வேண்டும். பகுப்புக்குப்பின் செய்யும் இயல்பாக்கம் வெட்டில் சிதைந்ததை மீட்காது.

வெட்டினை இடைவெளியில் நிறுத்தினால் எழுத்துச் சிதையாது. ஆயினும் செய்யுளில் இடைவெளி என்பது பெரும்பாலும் சீரின் எல்லை. வகையுளியாக ஒரு சொல்லே இரு சீர்களில் பிரிந்து நிற்கும் இடங்களில் இடைவெளியும் சொல்லெல்லையாகாது. எனவே பாதுகாப்பான வெட்டிடம் எழுத்தோ, சீரோ, அடியோ அன்று. அது செய்யுளின் எல்லையாதல் வேண்டும். செய்யுளின் எல்லையும் எப்போதும் போதுமா என்பதே இனி ஆராயப்படுவது.

5. முத்தகம்: சார்பற்ற பணிகள்

பிற செய்யுளை வேண்டாது தானே பொருள் முற்றுப்பெறுவது முத்தகம். கணிமை நோக்கில் இது சார்பற்ற பணி. ஒரு முத்தகத்தை ஆராயும் செயலலகு, மற்றொன்றின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தனித்தனியே பொருள் முற்றும் குறட்பாக்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 133 அதிகாரங்களை 7 செயலலகுகளுக்கு 19 வீதம் மீதமின்றிப் பகிரலாம்.

பணிகள் சார்பற்றவையாயினும், அவற்றின் விளைவு சேரும் இடம் பொதுவாக இருந்தால் பிழை நேரும். எல்லா இழைகளும் ஒரே சொல்லெண்ணிக்கை அட்டவணையில் எழுதுவதாகக் கொள்வோம். 'அறம்' என்பதன் எண்ணிக்கை அப்போது 40 என்க. முதல் இழை 40ஐப் படிக்கிறது. அது கூட்டி எழுதுமுன் இரண்டாம் இழையும் 40ஐப் படிக்கிறது. முதலது 41 என எழுதுகிறது. இரண்டாவதும் 41 என எழுதுகிறது. இருமுறை கண்ட சொல் ஒருமுறை மட்டுமே எண்ணப்படுகிறது. இதுவே போட்டிநிலை. இழைகளின் ஓட்ட வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரே நிரல் ஒரே பனுவலுக்குக் காலையில் ஒரு விடையும் மாலையில் வேறு விடையும் தரக்கூடும். பத்து முறை சரியாக ஓடியது, பதினோராவது முறைக்குச் சான்றாகாது.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பூட்டு: அட்டவணையில் எழுதும் இழை பூட்டினைப் பெறும், பிற காத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றே நுழைய வேண்டும் என்னும் இச்சிக்கலுக்கு டைக்ஸ்ட்ரா 1965இல் தீர்வு வெளியிட்டார். பூட்டு சரியான விடையைத் தரும். ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்கும் பூட்டித் திறந்தால், இழைகள் வரிசையில் நிற்பதிலேயே காலம் கழியும். இரண்டாவது, ஜாவாவின் உடனிகழ்நிலை அட்டவணை போன்று, படித்துக் கூட்டி எழுதுதலைப் பிரிக்கவொண்ணா ஒரே செயலாக்கும் கட்டமைப்பு. மூன்றாவது, ஒவ்வொரு செயலலகும் தனக்கெனத் தனி அட்டவணை வைத்து எண்ணி, இறுதியில் அனைத்தையும் ஒன்றாகத் தொகுப்பது. ஓப்பன்எம்பியில் இதற்கெனத் தனிக்கூறே உண்டு. டீன், கெமாவத் ஆகியோர் 2004இல் அறிமுகப்படுத்திய மேப்ரெட்யூஸ் முறையும் இக்கருத்தின்மேல் எழுந்ததே. அதனை விளக்க அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டதும் சொல்லெண்ணும் பணிதான்.

விடையைச் சரிபார்க்க யாப்பே அளவுகோல் தருகிறது. 1330 குறளும் ஒவ்வொன்றும் 7 சீர் உடையது. ஆக 9310 சீர். சீர்களை எண்ணும் நிரல் இவ்வெண்ணைத் தராவிடின், பகுப்பிலோ தொகுப்பிலோ பனுவலிலோ பிழையுண்டு என்பது உறுதி. இத்தகைய மாறா எண்ணை ஒவ்வொரு நூலுக்கும் முன்னரே வகுத்துக்கொள்வது நல்ல ஆய்வொழுக்கம்.

6. தொகைநிலை: சமனிலாப் பகிர்வும் எண் காத்தலும்

பல செய்யுள் தொகுத்தது தொகைநிலை. தொகையில் உள்ள பாடல்கள் தம்முள் சார்பற்றவை. ஆனால் அளவில் ஒத்தவை அல்ல. இங்கு எழுவது பணிச்சமன் பற்றிய சிக்கல்.

பத்துப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தொகை வருமாறு: திருமுருகாற்றுப்படை 317, பொருநராற்றுப்படை 248, சிறுபாணாற்றுப்படை 269, பெரும்பாணாற்றுப்படை 500, முல்லைப்பாட்டு 103, மதுரைக்காஞ்சி 782, நெடுநல்வாடை 188, குறிஞ்சிப்பாட்டு 261, பட்டினப்பாலை 301, மலைபடுகடாம் 583. மொத்தம் 3552 அடிகள். ஓர் அடிக்கு ஓர் அலகு காலம் எனக் கொண்டால், ஒரு செயலலகுக்கு 3552 அலகு காலம் வேண்டும்.

பத்துப் பாட்டுக்குப் பத்துச் செயலலகு எனப் பகிர்ந்தால் பணி பத்து மடங்கு விரையும் என்று தோன்றலாம். மதுரைக்காஞ்சியைப் பெற்ற செயலலகு 782 அலகு காலம் உழைக்கும். முல்லைப்பாட்டைப் பெற்றது 103இல் முடித்துக் காத்திருக்கும். முழுப்பணியும் முடிய 782 அலகு. விரைவு ஏறத்தாழ 4.5 மடங்கே.

ஐந்து செயலலகுகளை மட்டும் கொண்டு, ஓய்ந்தது அடுத்த பாட்டை எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தால் விளைவு பகிரும் வரிசையைப் பொறுத்தது. நூலின் மரபுவரிசைப்படி பகிர்ந்தால், 248 அடிப் பொருநராற்றுப்படையையும் 188 அடி நெடுநல்வாடையையும் முடித்த செயலலகு இறுதியில் மலைபடுகடாத்தை எடுக்கும். அது முடிய 1019 அலகு ஆகும். நெடிய பாட்டை முதலில் எடுக்கும் வரிசையில் பகிர்ந்தால் எல்லாம் 782 அலகிலேயே முடியும். பத்துச் செயலலகு தந்த அதே பயனை ஐந்தே தருகின்றன. ஓய்ந்த செயலலகு பிறவற்றின் வரிசையிலிருந்து பணியைத் தானே எடுத்துக்கொள்ளும் முறை டிபிபி போன்ற நூலகங்களில் இயல்பாகவே அமைந்துள்ளது. எனினும் மதுரைக்காஞ்சி ஒரே பணியாக இருக்கும்வரை எந்நூலகமும் 782க்குக் கீழ் இறங்க இயலாது.

தொகைநிலையின் மற்றொரு சிக்கல் இடச்சுட்டு. சொல்லடைவில் பாடலெண் பிழைபடுமாயின் அவ்வடைவால் பயனில்லை. தனக்கு வந்த பகுதியில் பாடல்களை ஒன்று, இரண்டு என எண்ணித் தொடக்கவெண்ணைக் கூட்டும் நிரல், புறநானூற்றில் பிழை செய்யும். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆகவே அதன்பின் வரும் எல்லாப் பாடல்களின் எண்ணும் இரண்டு பிறழும். பதிற்றுப்பத்தில் முதற்பத்து இன்மையால் கிடைக்கும் முதற்பாடலே 11ஆம் எண்ணுடையது. எண்ணைக் கணிக்காமல், பாடலோடு பிணைத்தே செயலலகுக்கு அனுப்புதல் வேண்டும்.

தொகுக்கும் வரிசையும் கருதத்தக்கது. எண்ணிக்கைகளை எவ்வரிசையில் கூட்டினாலும் தொகை மாறாது. இடச்சுட்டுப் பட்டியல்களை இணைக்கும்போது வரிசை மாறினால் பட்டியலும் மாறும். பைத்தானின் எதிர்வரு பயன்களுக்கான நூலகத்தில், கொடுத்த வரிசையிலேயே விடை தரும் செயற்கூறும் உண்டு. முடிந்த வரிசையில் விடை தரும் செயற்கூறும் உண்டு. அடைவாக்கத்துக்கு முன்னதைக் கொள்ளல் வேண்டும்; பின்னதைக் கொண்டால் இறுதியில் மீள வரிசைப்படுத்தல் வேண்டும்.

7. குளகம்: சார்புடைய பணிகள்

பல செய்யுள்கள் தொடர்ந்து நின்று ஒரே முடிக்கும் சொல்லால் பொருள் முற்றுவது குளகம். இங்குச் செய்யுளெல்லையும் தொடரெல்லையும் வேறுபடுகின்றன. சீவக சிந்தாமணிக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர், அடுத்தடுத்த பாடல்களை ஒரே தொடராக்கிப் பொருளுரைக்கும் இடங்கள் பல.

சொல்லெண்ணிக்கை மட்டும் வேண்டின் குளகமும் முத்தகம் போன்றதே. பாடல்வாரியாகப் பகிரலாம். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபினையோ, ஒரு தொடருக்குள் உடன்வரும் சொற்களையோ ஆராயும்போது அப்பகிர்வு பிழையாகும். எழுவாய் ஒரு செயலலகிடமும் முடிக்கும் வினை வேறொரு செயலலகிடமும் சென்றுவிடும். முதலது பயனிலை இல்லாத் தொடர் என்றும், இரண்டாவது தோன்றா எழுவாய் என்றும் பதிவு செய்யும். இரண்டும் பிழை. ஆனால் இரண்டும் தமிழில் இயலக்கூடிய தொடரமைப்புகளாதலால் எவர் கண்ணுக்கும் ஐயம் தோன்றாது.

இதற்கு இருவழிகள் உள்ளன. குளகமாகும் பாடல்களை ஆய்வாளர் முன்னரே குறித்து அவற்றை ஒரே பணியாக்குவது ஒன்று. ஒவ்வொரு பாடலையும் தனிப்பணியாகவே வைத்து, இன்ன பணி முடிந்த பின்னரே இன்ன பணி தொடங்குக எனச் சார்பினை அறிவிப்பது மற்றொன்று. ஓப்பன்எம்பி 2013இல் வெளியிட்ட 4.0 பதிப்பிலிருந்து இச்சார்பறிவிப்புக்கு இடமளிக்கிறது. எவ்வழியாயினும் சார்பு எங்குள்ளது என்பதை நூலகம் கண்டறியாது. நிரலில் சொல்லப்பட்டதையே அது அறியும். சொல்ல வேண்டியவர் உரைமரபு அறிந்த ஆய்வாளரே.

ஒரே நெடும்பாட்டை அடிகளாகப் பகுப்பதிலும் இதே தடை உண்டு. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் உறுப்புக்கொண்டு சேய்மையிலுள்ள சொற்களை இயைத்துப் பொருள்கொள்கிறார். மதுரைக்காஞ்சியை இருகூறாக்கினால் காலம் குறையும் என்பது உண்மை. நச்சினார்க்கினியர் உரைவழித் தொடராய்வுக்கு அவ்வெட்டு பொருந்துமா என்பது தனிக்கேள்வி. ஒரே பனுவலை ஒரு வினாவுக்குப் பகுக்கலாம். மற்றொரு வினாவுக்குப் பகுத்தலாகாது.

8. தொடர்நிலை: எல்லைப் பரிமாற்றம்

தொடர்நிலை, பொருளால் தொடர்வதும் சொல்லால் தொடர்வதும் என இருவகைப்படும். சொற்றொடர்நிலைக்கு அந்தாதியே சான்று. ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாக வருவதால் ஒவ்வொரு செய்யுளும் அண்டையயலை மட்டும் சார்ந்து நிற்கிறது. முழுநூலையும் ஒரே பணியாக்க வேண்டியதில்லை. முற்றிலும் தனித்தனியாக்கவும் இயலாது.

அபிராமி அந்தாதியின் 100 பாடல்களில் அந்தாதித்தொடை எவ்வாறு அமைந்துள்ளது என ஆராய நான்கு செயலலகுகளுக்கு 25 வீதம் பகிர்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தன் பகுதிக்குள் 24 இணைப்புகளை ஆராயும், மொத்தம் 96. நூலின் ஈறும் முதலும் மண்டலித்து வருவதால் உண்மையில் இருப்பவை 100 இணைப்புகள். 25-26, 50-51, 75-76, 100-1 ஆகிய நான்கும் விடுபட்டன. செயலலகுகளின் எண்ணிக்கையை எட்டாக்கினால் எட்டு இணைப்புகள் விடுபடும். அதாவது, எந்தக் கணினியில் ஓட்டினோம் என்பதைப் பொறுத்து இலக்கியத் தரவு மாறும்.

இதனைச் செய்திப் பரிமாற்ற நெறி தெளிவாகத் தீர்க்கிறது. ஒவ்வொரு செயலாக்கமும் தன் முதற்பாடலின் தொடக்கச்சொல்லை முந்தைய செயலாக்கத்துக்கு அனுப்பும். தன் இறுதிப்பாடலோடு ஒப்பிடுவதற்குரிய சொல்லை அடுத்த செயலாக்கத்திடமிருந்து பெறும். பாடல்கள் முழுவதும் பரிமாறப்படுவதில்லை, எல்லைச்சொல் மட்டுமே.

இங்கும் ஓர் இடர் உண்டு. நான்கு செயலாக்கங்களும் முதலில் பெற்றுப் பின்னர் அனுப்புமாறு நிரல் எழுதப்பட்டால், நான்கும் பெறுவதற்காகக் காத்திருக்கும். அனுப்புவோர் எவரும் இலர். மண்டலித்த நூல்போலவே காத்திருத்தலும் மண்டலிக்கும். நிரல் என்றும் முடியாது. இதுவே முட்டுநிலை. அனுப்புதலையும் பெறுதலையும் ஒரே செயலாக இணைத்த செயற்கூறு எம்பிஐயில் உண்டு. அதனைக் கையாண்டால் இவ்விடர் நீங்கும். பூட்டுகளைக் கையாளும் நெறியிலும் முட்டுநிலை எழும்: சொல் அட்டவணையைப் பூட்டிய இழை இடச்சுட்டு அட்டவணைக்கும், அதனைப் பூட்டிய இழை சொல் அட்டவணைக்கும் காத்திருக்குமாயின் இரண்டும் நகரா. எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில் பெறுவதே அதற்குத் தீர்வு. போட்டிநிலையோடு ஒப்பிட முட்டுநிலை தீங்கு குறைந்தது. நின்றுவிட்ட நிரலைக் கண்டு ஆய்வாளர் எச்சரிக்கை அடைவார். தவறான எண்ணைத் தந்து முடிந்த நிரல் அவ்வாறு எச்சரிப்பதில்லை.

9. இணைநிலை வேண்டும் இடமும் வேண்டா இடமும்

செயலலகுகளைத் தோற்றுவித்தல், பனுவலைப் பகிர்தல், விளைவைத் தொகுத்தல் ஆகியவற்றுக்கும் காலம் செலவாகும். 1330 குறள் போன்ற சிறுநூலில் இச்செலவு கணிப்பின் காலத்தையே மிஞ்சிவிடக்கூடும். அத்தகைய நூலுக்குத் தொடர்நிலை நிரலே ஏற்றது. மேலே குறள் எடுத்தாளப்பட்டது விளக்கத்துக்காகவே.

பெரும்பனுவலிலும் விரைவுக்கு வரம்பு உண்டு. ஆம்டால் 1967இல் முன்வைத்த கருத்தின்படி, பகுக்கவியலாப் பகுதியே மொத்த விரைவின் எல்லையை வகுக்கிறது. ஒரு பணியில் பத்தில் ஒரு பங்கு பகுக்கவியலாதாயின், நான்கு செயலலகுகளால் ஏறத்தாழ 3.1 மடங்கும் எட்டால் 4.7 மடங்குமே விரைவு கிட்டும். எத்தனை செயலலகு சேர்த்தாலும் பத்து மடங்கை எட்ட இயலாது.

மேலும், ஆசிரியர் நடையாய்வு போன்றவற்றில் பதின்மப் புள்ளி எண்களைக் கூட்டும்போது, கணினியில் கூட்டும் வரிசை மாறினால் இறுதி இலக்கங்கள் சிறிது மாறும். ஆகவே இணைநிலையில் பெற்ற புள்ளிவிவரத்தை வெளியிடுவோர் பனுவற்பதிப்போடு நூலகம், செயலலகுகளின் எண்ணிக்கை, பகுப்பலகு ஆகியவற்றையும் ஆய்வுமுறையியலில் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால் மட்டுமே பிறர் அதனை மீளச் செய்து பார்க்க இயலும்.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. தமிழ்ப் பனுவலைப் பைட்டாலோ குறியெண்ணாலோ வெட்டுதல் எழுத்தையே சிதைக்கும். இயல்பாக்கம் முன்னும் பகுப்பு பின்னும் நிகழ்தல் வேண்டும்.

2. முத்தகம் சார்பற்ற பணியாகும். அதற்குத் தனி அட்டவணைகளில் எண்ணித் தொகுக்கும் முறை ஏற்றது. யாப்பு தரும் மாறா எண்கள் சரிபார்க்கும் அளவுகோலாகப் பயன்படும்.

3. தொகைநிலையில் பணிச்சமனும் பாடலெண் காத்தலும் முதன்மை பெறும். நெடியவற்றை முதலில் பகிர்தல் காலத்தைக் குறைக்கும்.

4. குளகத்தில் பகுப்பலகு ஆய்வு வினாவைப் பொறுத்து மாறும். சார்பினைக் குறிக்கும் பொறுப்பு தமிழாய்வாளர்க்கு உரியது.

5. சொற்றொடர்நிலையில் எல்லைச்சொற்களைப் பரிமாறும் நெறி வேண்டும். இன்றேல் செயலலகுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இணைப்புகள் விடுபடும்.

இன்று தமிழ்த்துறையினர் பனுவலைத் தருவதும் கணினித்துறையினர் நிரலை எழுதுவதும் எனப் பணி பிரிந்து நிற்கும் இடங்கள் பல. அப்பிரிவில், எங்கே வெட்டுவது என்னும் கேள்வி எவராலும் கேட்கப்படாமல் போகிறது. செய்யுளின் சார்பறிந்தோர் இணைநிலை நெறிகளின் அடிப்படையை அறிந்துகொள்வதும், பகுப்பலகை எழுத்துமூலம் வகுத்து நிரலரிடம் அளிப்பதும் இந்த இடைவெளியை நிரப்பும். உரைநடைப் பனுவல்களுக்கும், செய்யுளும் உரையும் விரவிய உரைநூல்களுக்கும் இத்தகைய பகுப்பலகுகளை வரையறுத்தல் அடுத்த ஆய்வுக்குரிய களமாகும்.